காற்றை வரைவதற்காகப் பறந்தவர்

"படத்துக்குக் கடற்கரையின் பெயரை வைத்திருக்கிறார்கள். படத்தில் கடலையே காணோமே!" என்று ஓவியக் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவந்த வாசகர் காட்டமாக எழுதியிருக்கிறார். இப்படிக் கண்ணால் கண்ட உருவத்தை அப்படியே காட்டாத அரூப ஓவியம் பிறந்த கதையைப் பலர் எழுதியாகிவிட்டது. அதைத் தாண்டி, எனக்கு மிகவும் பிடித்த ஓவியர் ஒருவரை இங்கே அறிமுகப்படுத்துகிறேன்.

பீட்டர் லேன்யன், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியில், செயின்ட் ஐவ்ஸ் என்ற மீனவர் ஊரில் 1918-இல் பிறந்தார். நவீன ஓவியர்கள் பலர் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய ஊர் அது. இவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

ஓரிடத்தில் நின்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவதில் அவருக்கு நிறைவில்லை. போர்த்லெவன் என்ற துறைமுக ஊரை 1951-இல் வரைந்தபோது, அதன் மணிக்கூண்டையும் துறைமுகத்தையும் பல கோணங்களிலிருந்து பார்த்து, நெட்டுக்குத்தான ஒரே பலகைக்குள் கொண்டுவந்தார். படம் வரையும் முன் கண்ணாடித் துண்டுகளையும் பிளாஸ்டிக் தகடுகளையும் ஒட்டி, அந்த இடத்தின் ஆழத்தைக் கையால் தடவிப் புரிந்துகொள்வதும் அவர் பழக்கம்.

கொல்லிமலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இது எளிதாகப் புரியும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கிய பிறகு மலையின் உருவமா நினைவில் நிற்கிறது? வயிற்றைப் புரட்டிய அந்தச் சுழற்சிதான் நிற்கிறது. லேன்யன் வரைந்ததும் அந்த மாதிரிச் சுழற்சியைத்தான்.

1959-இல் அவர் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டார். கிளைடருக்கு இயந்திரம் கிடையாது. சுற்றியுள்ள காற்றுக்குள் அது எப்போதும் மெல்லக் கீழிறங்கிக்கொண்டேதான் இருக்கும். அப்படியும் மேலே ஏற ஒரு வழி உண்டு. வெயில் எல்லா நிலத்தையும் ஒரேபோல் சூடாக்குவதில்லை. உழுத வயலும் பாறையும் சீக்கிரம் சூடாகும், நீர்ப்பரப்பு தாமதமாகும். சூடான தரைக்கு மேலுள்ள காற்று இலேசாகித் தூண்போல் எழும். கிளைடர் இறங்கும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் அதிகமென்றால், கிளைடரும் ஏறும். உச்சி வெயிலில் பருந்து சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்வது இந்த வித்தையால்தான்.

விந்தை என்னவென்றால், அந்தக் காற்றுத் தூண் கண்ணுக்குத் தெரியாது. வட்டமிடும் பறவை, தலைக்கு மேல் திரளும் பஞ்சு மேகம், ஏற்ற இறக்கம் காட்டும் கருவியின் முள், இருக்கையில் உடல் அழுந்தும் உணர்வு ஆகியவற்றை வைத்து விமானி அதை ஊகிக்க வேண்டும். லேன்யன் அதைப் படமாக்கத் துணிந்தார். 1960-இல் வரைந்த 'தெர்மல்' (வெப்பக் காற்றுத் தூண்) ஏறக்குறைய ஆறடி உயரப் படம். நீலமும் வெள்ளையும் சாம்பலும் ஒன்றையொன்று முட்டி மேலேறுகின்றன. அதே ஆண்டின் 'சோலோ ஃப்ளைட்' படத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. அது தனியாகப் பறந்தவரின் தடம். சாலை என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது.

1964-இல் கிளைடர் விபத்தில் காயமடைந்து, 46 வயதில் இறந்தார்.

இத்தகைய படங்களைக் காண்போர் "என்ன வரைந்திருக்கிறார்?" என்பதோடு, "வரைந்தவர் எங்கே இருந்தார், எப்படி நகர்ந்தார்?" என்றும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு உதவ வேண்டிய நம் கண்காட்சிக்கூடங்கள் நீள அகலத்தையும் விலையையும் எழுதி ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. எந்தப் பயணத்தில் பிறந்த படம் என்று இரண்டு வரி சேர்த்தால் குடியா முழுகிவிடும்?

குறை கண்காட்சிக்கூடத்தில் தொடங்கவில்லை, பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. மலையையே பார்த்திராத நம் பிள்ளைகளும் இரண்டு முக்கோண மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை என்றுதான் வரைகிறார்கள். அப்படி வரையத்தான் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை வரும் ஓவிய வகுப்பையும் தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. அதை மீட்டு, பிள்ளைகளை ஊரைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்து, அந்த நடையை வரையச் சொல்லுங்கள். தாளும் பென்சிலும் போதும். மதிப்பெண் மட்டும் போட்டுவிடாதீர்கள்.