16 செவ்வகங்கள், ஒரு கோழிக்கூண்டு... ஆப்பிரிக்கக் காட்டுக்குள் ஆஸ்பத்திரி கட்டுவது எப்படி?

ஒரு ஆஸ்பத்திரி கட்டப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதை யோசிப்பீர்கள்? எத்தனை பெட், ஆபரேஷன் தியேட்டர் எங்கே, மருந்து கொடுக்கும் இடம் எங்கே... இப்படித்தானே? ஆப்பிரிக்காவின் கிராமப்புறங்களில் கிறிஸ்தவ அறப்பணி அமைப்புகளுக்காகக் கட்டடம் கட்டுகிறவர்கள், அதற்கும் முன்னால் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. நோயாளியோடு எத்தனை பேர் வருவார்கள்? அவர்கள் எங்கே சமைப்பார்கள்? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? பம்பு ரிப்பேரானால் கழற்றி மாட்ட அந்த ஊரில் ஆள் உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. இவற்றோடு மல்லுக்கட்டிய ஒரு டாக்டரின் கதை, கோழிக்கூண்டு ஒன்றில் தொடங்குகிறது.

தொப்பி போட்ட டாக்டர்

ஆல்பர்ட் ஸ்வைட்சர் 1875-ல் பிறந்தவர். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்த அல்சாஸ் பகுதிக்காரர். இறையியல் பேராசிரியர், ஆர்கன் இசைக் கலைஞர், பாக் இசையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். முப்பது வயதில் மருத்துவம் படிக்கக் கிளம்பிவிட்டார். 1913 ஏப்ரலில், நர்ஸ் பயிற்சி பெற்றிருந்த மனைவி ஹெலனோடு, இன்றைய காபோன் நாட்டிலுள்ள லாம்பரீன் என்ற ஊருக்கு வந்து இறங்கினார். பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே, ஓகோவே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அன்றைக்கு அங்கே ஆறுதான் சாலை.

மிஷன் வளாகத்தில் அவருக்காகக் கட்டடம் தயாராக இருக்கவில்லை. திறந்தவெளியில் நோயாளிகளைப் பார்ப்பார். மாலையில் மழை வந்தால், மருந்துகளை அள்ளிக்கொண்டு வீட்டு வராந்தாவுக்கு ஓடுவார். கடைசியில், சும்மா கிடந்த ஒரு கோழிக்கூண்டைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, உள்ளே ஒரு கட்டிலைப் போட்டார். அதுதான் கன்சல்டிங் ரூம். ஜன்னல் கிடையாது. கூரை ஓட்டை வழியே வெயில் உச்சந்தலையில் இறங்கியதால், அறைக்குள்ளேயே நாள் முழுக்கத் தொப்பி போட்டுக்கொண்டு வைத்தியம் பார்த்திருக்கிறார். அந்த நிலைமையிலும் முதல் ஒன்பது மாதங்களில் வந்தவர்கள் சுமார் 2,000 பேர்.

அவருக்கு உதவியாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வந்து சேர்ந்தவர் ஜோசப் அசோவானி. முன்பு சமையல்காரராக இருந்தவர். நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்பதைக் கறிக்கடைக் கணக்கில்தான் சொல்வாராம். தொடைக்கறியில் வலி, விலாக்கறியில் வலி என்று! டாக்டருக்கும் அது போதுமானதாக இருந்தது.

தகரக் கட்டடம் குளிர்ந்த ரகசியம்

அந்த 1913-லேயே முதல் நிஜமான கட்டடம் எழும்பியது. நெளிதகரக் கட்டடம். தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலைக் கழித்தவர்களுக்கு அது எப்படி வேகும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால், இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவர்கள் 'இவ்வளவு குளுகுளுன்னு இருக்கே' என்று ஆச்சர்யப்பட்டிருக்கிறார்கள்.

ரகசியம் ஜன்னலில் இருந்தது. ஸ்வைட்சர் ஜன்னல்களைக் கூரையைத் தொடும் உயரத்துக்கு வைத்தார். சூடான காற்று மேலேதான் போகும். கூரைக்கு அடியில் அது தேங்காமல் வெளியேற வழி கிடைத்துவிட்டது. கண்ணாடி போடவில்லை, கொசு நுழையாத கம்பிவலை மட்டும்தான். கூரைக்குக் கீழே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். தரை சிமென்ட். அவ்வளவுதான், வேறு எந்த வித்தையும் இல்லை.

அடுத்தது வார்டு. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். கூரை போட்டாயிற்று, தரை வெறும் மண். கட்டில் வாங்க வழியில்லை. ஸ்வைட்சர் ஒரு கூரான குச்சியை எடுத்து மண் தரையில் 16 செவ்வகங்கள் வரைந்தார். ஒவ்வொன்றும் ஒரு பெட். நடுவில் நடப்பதற்கு இடம். நோயாளிகளோடு வந்திருந்த உறவினர்களைக் கூப்பிட்டு, அவரவர் நோயாளிக்கு அவரவரே கட்டில் செய்யச் சொன்னார். அவர்கள் காட்டுக்குள் போய்க் கவைக்கம்பு வெட்டி வந்து ஊன்றி, குறுக்கே கம்பு வைத்து, கொடியால் கட்டி, மேலே காய்ந்த புல்லைப் பரப்பினார்கள். சாயங்காலத்துக்குள் வார்டு தயார்.

வேலை சீக்கிரம் முடிந்தது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உடன் வந்தவர்களைக் கூட்டம், இடைஞ்சல் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரியின் ஒரு பாகமாகக் கணக்கில் எடுத்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது. நம் ஊர் அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கென்று எந்த ப்ளானில் இடம் ஒதுக்கியிருந்தார்கள்? லாம்பரீனில் உடன் வந்தவர்கள் நோயாளிக்குப் பக்கத்திலேயே தங்கினார்கள், அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர் கையால் சாப்பிட அஞ்சிய பல நோயாளிகள் அங்கே தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இரண்டாம் தடவை கட்டியபோது

முதல் உலகப் போர் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. ஜெர்மன் குடிமகன் என்பதால் பிரெஞ்சு அரசு 1917-ல் அவரை பிரான்ஸுக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்தது. 1924-ல் திரும்பி வந்தபோது கட்டடங்கள் பாழடைந்து, ஓலைக்கூரைகள் உதிர்ந்து கிடந்தன. மறுவருஷமே பஞ்சம், கூடவே வயிற்றுக்கடுப்பு நோய். அது தொற்றும் நோய். ஆனால், அந்த நெருக்கடியான இடத்தில் நோயாளிகளைப் பிரித்து வைக்க வழியே இல்லை.

பழைய இடத்தை ஒட்டுப்போடுவதைவிட இடம் மாறுவதே மேல் என்று முடிவெடுத்தார். ஆற்றின் மேல்புறமாக சுமார் 3 கிலோமீட்டரில் புதிய இடம். இந்த முறை அவர் ஒரு கட்டட மேஸ்திரியாகவே மாறிவிட்டார். ஆற்று வெள்ளமும் மலைச்சரிவில் இறங்கும் மழைத்தண்ணீரும் அடித்துப் போகாதபடி, கட்டடங்களை மரத்தூண்கள் மேல் நிறுத்தினார். தூண்களை மண்ணில் நடும் முன் நெருப்பில் கருக்கினார். கரியான மரம் சீக்கிரம் மக்காது. பூமத்திய ரேகைப் பக்கம் வெயில் கிழக்கிலிருந்து மேற்காக ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகும் என்பதால், கட்டடங்களைக் குறுகலாக, கிழக்கு மேற்காக நீட்டி வைத்தார். வெயில் குட்டையான பக்கச் சுவர்களில் விழுமே தவிர, நீளச் சுவரை வேகவைக்காது. வருஷா வருஷம் ஒழுகும் ஓலையோடு போராடி அலுத்துப்போனதால் கூரைக்கு நெளிதகரம். 1927 ஜனவரியில் நோயாளிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு குடிபெயர்ந்தார்கள்.

அதற்குப் பிறகும் கட்டுமானம் நிற்கவில்லை. 1952-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசுப் பணத்தைத் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு கட்டச் செலவிட்டார். (இதே யோசனை நம் வேலூரிலும் உண்டு. சிஎம்சி-யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய 'நவ ஜீவ நிலையம்' மண் குடிசைகளால் ஆன ஒரு சின்னக் கிராமம். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 1965-ல் தொழுநோய் மறுவாழ்வுப் பயிற்சி மையம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.)

1965-ல் ஸ்வைட்சர் இறந்தபோது லாம்பரீனில் 70-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன.

ஆனாலும் ஒரு கேள்வி

இதைப் படித்துவிட்டு அவரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். மின்சாரம் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும், வளாகம் முழுக்க ஆடும் கோழியும், சுகாதாரம் சுமார் என்று கடைசிக் காலத்தில் பார்க்கப் போனவர்கள் முகம் சுளித்தார்கள். காலம் மாறியும் அவர் மாற மறுத்தார். அதைவிடக் கனமான விமர்சனம் ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது. ஆப்பிரிக்கரைச் சகோதரர் என்றாலும், 'தம்பி'யாகவே வைத்துப் பார்த்தவர் என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1975-ல் ஆற்றிய உரையில் அவரைச் சாடினார். என்ன கட்ட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று தீர்மானித்த நாற்காலியில் உள்ளூர்க்காரர் யாரும் இல்லை என்பது உண்மை. அந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட்டு வெறும் ஜன்னலையும் தூணையும் மட்டும் மெச்சுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

எத்தியோப்பியாவில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. ரெஜினால்ட், கேத்தரின் ஹாம்லின் தம்பதி ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்ட மகப்பேறு மருத்துவர்கள். 1959-ல் அடிஸ் அபாபாவுக்கு வந்தார்கள். நாள்கணக்கில் நீடித்த பிரசவ வலியால் சிறுநீர்ப்பையில் துளை விழுந்து, சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும் பெண்களைச் சந்தித்தார்கள். வாடை தாங்காமல் குடும்பமே ஒதுக்கிவைத்த பெண்கள். பஸ்ஸில்கூட ஏற்ற மாட்டார்கள். அறுவை சிகிச்சை ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கு வா என்று சொன்னால் இன்று இரவு அவள் எங்கே படுப்பாள்? அதனால் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் பெண்களுக்காக முதலில் ஒரு சின்ன விடுதி கட்டினார்கள். இந்தப் பெண்களுக்கென்றே தனி மருத்துவமனை 1974-ல் வந்தது. முழுதாகக் குணமாகாதவர்களுக்காக, நகரத்துக்கு வெளியே 'தெஸ்தா மெந்தர்' என்ற குடியிருப்பு பிறகு எழுந்தது. அம்ஹாரிக் மொழியில் மகிழ்ச்சிக் கிராமம் என்று பொருள். 2007-ல் அங்கேயே பேறுகாலச் செவிலியர் கல்லூரி தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களைப் படிக்கவைத்துத் திரும்பக் கிராமத்துக்கே அனுப்பினால், துளை விழும் நிலையே பலருக்கு வராதே!

இன்றைக்கு என்ன நிலைமை?

மலாவி, தான்சானியா, உகாண்டா போன்ற நாடுகளில் பல கிராமப்புற வட்டாரங்களுக்கு மிஷன் மருத்துவமனைதான் கதி. அவற்றுக்கு ப்ளான் போட்டுக்கொடுப்பதையே முழுநேர வேலையாகச் செய்யும் அமைப்புகளும் வந்துவிட்டன. 1982-ல் அமெரிக்காவில் தொடங்கிய இன்ஜினியரிங் மினிஸ்ட்ரீஸ் இன்டர்நேஷனல் அவற்றில் ஒன்று. கட்டடக் கலைஞர்கள், சிவில் இன்ஜினீயர்கள், சர்வேயர்கள் தன்னார்வலர்களாகப் போகிறார்கள். உகாண்டாவில் அலுவலகமே உண்டு.

இந்த மாதிரி ஒரு குழு போய் இறங்கியதும் செய்யும் முதல் வேலையில் கவர்ச்சி எதுவும் இருக்காது. மண்ணில் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கழிவுநீரை மண் தாங்குமா என்பது அதில்தான் தெரியும். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும், கிணறு மேட்டிலும் கழிப்பறை பள்ளத்திலும் இருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கு தப்பினால், நோய் தீர்க்கக் கட்டிய இடமே வயிற்றுப்போக்கைப் பரப்பும்.

சுவருக்கு என்ன செய்வது? சூளைச் செங்கல் என்றால் விறகு வேண்டும், விறகு என்றால் காடு போகும். உகாண்டாவில் அதனால் சுடாத மண்கட்டிகள் பிரபலமாகின்றன. உள்ளூர் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, கைப்பிடி இயந்திரத்தில் அழுத்தி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தும் கட்டிகள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வடிவத்தில் இவற்றை மேம்படுத்தியதில் மெக்கரேரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோசஸ் முசாசி என்ற உகாண்டா பொறியாளருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரோவில் போனவர்கள் இதே வகை மண்கட்டிச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

கூரை உயர ஜன்னலுக்கும் இப்போது விஞ்ஞான முத்திரை கிடைத்துவிட்டது. காசநோய் மாதிரி காற்றில் பரவும் நோயாளிகள் இருக்கும் அறையில், ஒரு நோயாளிக்கு நொடிக்கு 160 லிட்டர் காற்றாவது வந்துபோக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட இயற்கைக் காற்றோட்ட வழிகாட்டி. எதிரெதிர்ச் சுவரில் பெரிய ஜன்னல்களைத் திறந்து வைத்தால் கரன்ட் பில் இல்லாமலே அது கிடைக்கும். ஏ.சி போட்ட மூடிய அறையில் கரன்ட் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நல்ல மனசோடு அனுப்பப்படும் பொருள்களும் சுமையாவது உண்டு. வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 சதவிகிதம் வேலை செய்யாமல் கிடக்கிறது என்று 2011-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உதிரிபாகம் கிடைக்காது, ரிப்பேர் தெரிந்த ஆள் இருக்காது, வோல்டேஜ் ஒத்துவராது. நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கும். சமையல் கொட்டகைக்கோ, துணி துவைக்கும் கல்லுக்கோ நன்கொடை கேட்டால் அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. போட்டோவுக்கு அழகாக இருக்காதே!

லாம்பரீனில் 1981-ல் புதிய மருத்துவமனை பக்கத்திலேயே எழுந்தது. பழைய கட்டடங்கள் இப்போது அருங்காட்சியகம். அந்த வளாகத்தில் வளர்ந்த மலேரியா ஆராய்ச்சி மையம், உலகின் முதல் மலேரியா தடுப்பூசிக்காக 7 ஆப்பிரிக்க நாடுகளில் 11 இடங்களில் நடந்த பெரிய பரிசோதனையில் ஓர் இடமாக இருந்தது.