பயண மோட்டார் சைக்கிளைப் பழகிய வண்டியோடு ஒப்பிடுதல்

நெடுந்தூரப் பயணத்துக்கென வடிவமைக்கப்படும் மோட்டார் சைக்கிளின் சிறப்பு அதன் உச்ச வேகத்தில் இல்லை. பல மணி நேரம் சீரான வேகத்தில், பின்னிருக்கையில் ஒருவரையும் பக்கப்பெட்டிகளில் சுமையையும் ஏற்றிக்கொண்டு, ஓட்டுபவரின் உடலைக் களைப்படைய விடாமல் செல்வதில்தான் இருக்கிறது. விற்பனையகங்கள் அளிக்கும் டெஸ்ட் ரைடு என்னும் சோதனை ஓட்டமோ பெரும்பாலும் நகரத் தெருக்களில் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், பயண வண்டியின் தலையாய பண்புகள் எவையும் அதில் வெளிப்பட வாய்ப்பில்லை. இக்குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடியது ஒன்றுண்டு: ஓட்டுபவர் நாள்தோறும் பயன்படுத்துகிற, அதன் ஒவ்வோர் அதிர்வையும் உடலால் அறிந்து வைத்திருக்கிற, சொந்த வண்டி. அதையே அளவுகோலாகக் கொண்டு ஒப்பிடும்போது குறுகிய ஓட்டமும் நிறையச் சொல்லும்.

பயண வண்டிகளின் வரலாற்றில் மூன்று மாதிரிகள் திருப்புமுனைகளாகக் கருதப்படுகின்றன. 1975 மாதிரியாக வெளிவந்த ஹோண்டாவின் கோல்டு விங், நான்கு சிலிண்டர்களைப் பக்கத்துக்கு இரண்டாகக் கிடைமட்டத்தில் வைத்து அதிர்வைக் குறைத்தது. 1976-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ்., காற்றுச்சுரங்கச் சோதனையில் உருப்பெற்ற முன்மறைப்பால் ஓட்டுபவரைக் காற்றிலிருந்து காத்தது. 1980-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ்., தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஒருசேர ஏற்ற அட்வெஞ்சர் வகையைத் தொடங்கிவைத்தது. அவ்வகையின் எளிய, விலை குறைந்த கிளையைச் சேர்ந்ததே ராயல் என்ஃபீல்டு 2023-இன் இறுதியில் வெளியிட்ட ஹிமாலயன் 450. சென்னையை அடுத்த ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலைகளைக் கொண்ட அந்நிறுவனத்தின் கிளாசிக் 350 வண்டியை வைத்திருப்பவர் ஹிமாலயனைச் சோதித்துப் பார்ப்பது இன்று பரவலாக நிகழ்வது என்பதால், அவ்விரண்டையும் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இரண்டும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளே எனினும் இயந்திரத்தின் இயல்பு முற்றிலும் வேறானது. 2021-இல் புதுப்பிக்கப்பட்ட கிளாசிக்கின் 349 சி.சி. இயந்திரத்தில் சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவான வீச்சு 85.8 மி.மீ. விட்டத்தைவிட வீச்சு நீண்டிருக்கும் இத்தகைய இயந்திரங்கள் பொதுவாகக் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தருவதற்கென அமைக்கப்படுபவை. கிளாசிக்கும் நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே தன் முழுத் திருப்புவிசையான 27 நியூட்டன் மீட்டரை எட்டிவிடுகிறது. திருப்புவிசை என்பது பேச்சுவழக்கில் டார்க் எனப்படும் முறுக்கும் விசை; அவ்விசை எத்தனை விரைவாகத் தொடர்ந்து செலுத்தப்படுகிறது என்பதே குதிரைத்திறன். ஹிமாலயனின் 452 சி.சி. இயந்திரமோ 84 மி.மீ. விட்டமும் 81.5 மி.மீ. வீச்சும் உடையது, நீர்மத்தால் குளிர்விக்கப்படுவது. 40 நியூட்டன் மீட்டர் விசையை 5,500 சுற்றிலும், சுமார் 40 குதிரைத்திறனை 8,000 சுற்றிலும் தருவது. கிளாசிக்கின் திறனோ ஏறத்தாழ 20 மட்டுமே. ஆகவே கிளாசிக்கில் பழகியவர் ஹிமாலயனையும் அதே தாழ்ந்த சுழற்சியில், அதே மேல் கியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு இழுவை போதவில்லை என்று முடிவு கட்டினால், அது வண்டியின் குறையன்று, பழக்கத்தின் விளைவு. கியரை ஒன்று குறைத்து, சுழற்சியை 4,000-க்கு மேல் வைத்து ஓட்டிய பின்னரே அவ்வியந்திரத்தைப் பற்றி எதையும் சொல்வது நியாயமாகும்.

இரு மடங்கு திறன் எங்கே செலவாகிறது என்பதைக் காற்றுத்தடை விளக்குகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக உயர்வதால், அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடியாக உயர்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்குச் செல்லும்போது வேகம் கால் பங்கு மட்டுமே கூடினாலும், காற்றுக்கெனச் செலவாகும் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நான்குவழிச் சாலையில் 100-ஐ ஒட்டிச் செல்லும் கிளாசிக், முன்செல்லும் லாரியைக் கடக்கக் கையில் மிச்சம் வைத்திருப்பது மிகக் குறைவு. ஹிமாலயனிடம் அப்போதும் பாதிக்கு மேல் இருப்பு உண்டு. மலையில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 5,300 மீட்டருக்கும் மேல் உள்ள லடாக்கின் கர்துங் லா கணவாயில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 விழுக்காடு மட்டுமே. எரிவதற்கு உரிய ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவதால் இயந்திரத்தின் திறனும் கிட்டத்தட்ட அவ்விகிதத்தில் சுருங்கிவிடும். சமவெளியில் 20 குதிரைத்திறன் தருவது அங்கே சுமார் 12-ஐ வைத்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது.

எடையைப் பொறுத்தவரை, பட்டியலை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். கிளாசிக் 195 கிலோ, ஹிமாலயன் 196 கிலோ. ஆயினும் நெரிசலில் நடைவேகத்தில் திருப்பும்போது பின்னதே கனமாகத் தோன்றும், ஏனெனில் அதன் இருக்கை 825 மி.மீ. உயரத்தில் இருப்பதோடு எடையின் மையமும் மேலே உள்ளது. குதிகால் தரையில் பதியாதவருக்கு வண்டி சற்றே சாய்ந்தாலும் தாங்குவது கடினம். வேகம் எடுத்ததும் அந்த உணர்வு மறைந்து, அதன் இடத்தில் முன்சக்கரத்தின் குணம் தெரிய வரும். கிளாசிக்கின் 19 அங்குலச் சக்கரத்தோடு ஒப்பிட ஹிமாலயனின் 21 அங்குலச் சக்கரம் குழியின் விளிம்பை மேலும் சாய்வான கோணத்தில் சந்திப்பதால் எளிதாக ஏறிக் கடக்கிறது. அதே காரணத்தால் வளைவில் சற்று நிதானமாகவே திரும்புகிறது. முன் ஃபோர்க் அழுந்தும் தொலைவு கிளாசிக்கில் 130 மி.மீ., ஹிமாலயனில் 200 மி.மீ. வேகத்தடையில் இது பெரும் வசதி. கடுமையாக பிரேக் பிடிக்கையில் முன்புறம் ஆழமாகத் தாழ்வது அதற்குத் தரப்படும் விலை.

இனி அளவுகோலைப் பற்றி. ஒப்பீடுகள் பிழையாவதற்கு மிகப் பெரிய காரணம், புத்தம்புதிய சோதனை வண்டியை, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிப் பராமரிப்புக்கு ஏங்கும் சொந்த வண்டியோடு வைத்துப் பார்ப்பதாகும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடித் தேய்ந்த பின்டயர் நடுவில் தட்டையாகி, வளைவில் சாயும்போது ஒரு விளிம்பைத் தாண்டி விழுவதுபோல் நடந்துகொள்ளும். கைப்பிடி திரும்பும் கழுத்தில் உள்ள கோன் செட் தேய்ந்திருந்தால், நேராகச் செல்லும் நிலையில் கைப்பிடி ஒரு பள்ளத்தில் சிக்கியதுபோல் பிடித்துக்கொள்ளும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கைப்பிடியை இரு விரலால் மெல்லத் திருப்பினால் அந்தச் சிக்கலை யாரும் உணரலாம். தளர்ந்த செயின், காற்றிறங்கிய டயர், எண்ணெய் மாற்றாத ஃபோர்க் ஆகியவற்றால் வரும் குறைகளும் இவ்வாறே வடிவமைப்பின் குறைகளாகக் கணக்கில் ஏறிவிடுகின்றன. கோன் செட்டும் டயரும் மாற்றிய பிறகு, புதிய வண்டி வாங்கும் எண்ணத்தையே ஒருவர் கைவிட நேர்ந்தால் அதில் வியப்பில்லை. அளவுகோலைச் சரிசெய்யாமல் அளப்பவருக்குக் கிடைப்பது விலை உயர்ந்த தவறான விடை.

சோதனை ஓட்டத்தில் காணவேண்டியவை பல இருப்பினும், முதன்மையானது கைப்பிடி, இருக்கை, கால்தாங்கி என்னும் மூன்று புள்ளிகளும் உடலை எப்படி மடக்குகின்றன என்பதே. ஹிமாலயனில் எழுந்து நின்று ஓட்டிப் பார்ப்பதும், முன்கண்ணாடியைத் தாண்டி வரும் காற்று தலைக்கவசத்தில் எந்த இடத்தில் மோதுகிறது என்று கவனிப்பதும் அவசியம். மோதும் காற்று சீராக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், சுழன்று தலையை ஆட்டினால் ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். பயணத்தில் வழக்கமாக உடன் வருபவரையும் பின்னால் ஏற்றிச் செல்வது நல்லது. பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் பிரீலோடு அமைப்பை அச்சுமைக்கேற்ப மாற்றாவிட்டால், வண்டியின் பின்புறம் தாழ்ந்து திசைதிருப்பும் தன்மையே மாறிவிடும்.

திரும்பி வந்தவுடன், வேறு வேலை எதிலும் ஈடுபடாமல், அதே பாதையில் சொந்த வண்டியை ஓட்ட வேண்டும். உடல் பழைய பழக்கத்துக்கு மீள்வதற்கு முன்னுள்ள அந்தச் சில கிலோமீட்டரில்தான் இரு வண்டிகளின் வேறுபாடு மறைக்கப்படாமல் தெரிகிறது: ஐந்து கியர் மட்டுமே உள்ள கிளாசிக்கில் ஆறாவதைக் கால் தேடும், அதே வேளையில் தாழ்ந்த இருக்கையும், மெதுவான வேகத்தில் எந்த அவசரமும் இல்லாத இழுவையும் முன்பு உணராத நிறைகளாகத் தோன்றும். மாநில நெடுஞ்சாலைகளில் 70, 80 கி.மீ. வேகத்தில் இருவராகச் செல்பவருக்குக் கிளாசிக்கை விட்டு மாறக் கட்டாயம் ஏதுமில்லை. ரேடியேட்டர் இல்லாத அதன் எளிய அமைப்பு சிற்றூர்ப் பட்டறைக்கும் பழக்கமானது. கரடுமுரடான மலைப்பாதையும், சுமையோடு நாள் முழுதும் 100-ஐ ஒட்டிய வேகமும் தேவைப்படுபவருக்கோ ஹிமாலயனின் மிகுதித் திறனோடு, கிளாசிக்கின் 13 லிட்டருக்கு எதிரான அதன் 17 லிட்டர் தொட்டியும் பொருட்படுத்தத் தக்கது. லிட்டருக்கு 30 கி.மீ. எனக் கொண்டால் அந்த நான்கு லிட்டர் 120 கி.மீ. கூடுதல் தொலைவைத் தருகிறது.