வாழும் மாளிகைகள் – 7: செங்கல்பட்டு சோறு போட்ட அரண்மனை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைக் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு கோட்டை இருந்தது தெரியும்? 1752-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் கிளைவ் அதைப் பிடித்தார். கையோடு செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்தார். கோவளம் கோட்டை தகர்க்கப்பட்டது. செங்கல்பட்டில் ஏரிக்கரையோரம் கொஞ்சம் மதில் மிஞ்சியது. இரண்டு சண்டையும் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக என்று சொல்லித்தான் நடந்தன.

அந்த உதவிக்குக் கைம்மாறாக 1763-இல் செங்கல்பட்டுச் சீமையே கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வருமானம் பெறும் மானியமாகப் போனது. கம்பெனி அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780 வரை, தான் கொடுத்த மண்ணுக்குத் தானே குத்தகை கட்டினார் நவாப்!

இந்தக் கணக்கு புரிந்தால்தான் அரண்மனை புரியும். 1768-இல் சேப்பாக்கத்தில் எழும்பிய நவாபின் மாளிகைக்குச் சமையற்கட்டு, லாயம், காவல், ஏராளமான உறவுக்காரர்கள். அத்தனைக்கும் செங்கல்பட்டுச் சீமையின் ஏரிப்பாசன நிலங்களிலிருந்து வந்த விளைச்சல் பங்குதான் படியளந்தது. சீமை கைமாறினால் வீடு எத்தனை நாள் நிற்கும்?

1801-இல் நவாபின் கர்நாடகச் சீமை முழுவதும் கம்பெனி வசமானது. 1855-இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்தார். பட்டம் ஒழிந்தது, சேப்பாக்கம் மாளிகை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அவருடைய சித்தப்பா அசீம் ஜாவுக்கு 1867-இல் 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டமும் ஓய்வூதியமும் கிடைத்தன. 1876-இல் அந்தக் குடும்பம் ராயப்பேட்டை அமீர் மஹாலில் குடியேறியது. அது 1798-இல் கம்பெனி தன் அலுவலகத்துக்காகக் கட்டிய கட்டடம். வீடாக மாற்றித் தந்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸ்ஹோம்.

இன்றும் அங்கே குடும்பம் வாழ்கிறது. சுமார் 14 ஏக்கர். தர்பார் மண்டபத்தில் முன்னோர் படங்கள், பழைய பல்லக்கு. வளாகத்துக்குள் உறவினர்களும் ஊழியர் குடும்பங்களும். பராமரிப்பு மத்தியப் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. 1971-இல் மன்னர் மானியம் ரத்தானபோதும் ஆற்காட்டு ஓய்வூதியம் தப்பியது. இந்தியாவோடு சமஸ்தானத்தை இணைத்ததற்காக வந்த பணமல்ல அது. பறிபோன நவாப் பட்டத்துக்கு ஈடாக வந்தது.

பராமரிப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அக்காலச் சென்னைக் கட்டடங்களின் 'மெட்ராஸ் டெரஸ்' தளத்தைப் பாருங்கள். தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, கடுக்காய்-வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். ஒழுகுகிறதே என்று மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி விட்டத்தின் நுனியை அரித்துவிடும். மழைக்கு முன் யாராவது மாடியேறி தூம்பில் அடைத்த இலையைத் தள்ளிவிட வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டில்தான் அது நடக்கும்.

அரசு உதவி இல்லாத குடும்பங்கள் என்ன செய்யும்? பங்காளிகள் பெருகிய செட்டிநாட்டு வீடுகள் பல, தூண் தூணாகப் பிரிக்கப்பட்டு விலைபோயின. அப்படிப் பிரித்த ஒரு வீட்டை முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். பார்க்கலாம், குடியிருக்க முடியாது. இங்கிலாந்தில் 1937-லேயே ஒரு வழி கண்டார்கள்: மாளிகையை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, குடும்பம் அங்கேயே வாழலாம், மக்கள் வந்து பார்க்கலாம். செட்டிநாட்டின் காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு உடனே வேண்டும். முட்டுக்காட்டு வீட்டை அடுத்த வாரம் உள்ளே சென்று பார்ப்போம்.

(தொடரும்)