சந்தை எப்போதும் இருந்ததா?

மதனப்பள்ளியில் தக்காளி விலை இன்று ஒன்று, நாளை ஒன்று. "உலகம் தோன்றிய நாள் முதல் இப்படித்தான்" என்பார்கள் சிலர். அது உண்மையா?

திருமலைக் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். பல தமிழிலேயே உள்ளன. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், விஜயநகர மன்னர் காலம். பக்தர்கள் கோயிலுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கோயில் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டினார்கள். விளைச்சல் கூடியது. கூடிய நெல்லில் பிரசாதம் செய்தார்கள். அதில் நாலில் ஒரு பங்கு, பணம் கொடுத்தவருக்கு. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். இங்கே விலை பேசவில்லை. பங்கு பிரித்தார்கள்.

ஊரிலும் அப்படித்தான். குயவர், தச்சர், வண்ணார் ஆகியோருக்குக் களத்திலேயே நெல் அளந்தார்கள். சந்தையும் இருந்தது. ஆனால் பலருடைய சோறு சந்தையை நம்பி இல்லை.

அதைப் பொற்காலம் என்று எண்ண வேண்டாம். யாருக்கு எத்தனை படி என்பதைச் சாதி முடிவு செய்தது. கடைசியில் நின்றவர் வாய் திறக்க முடியாது.

1801-ல் திருமலைப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி வரியைக் காசாகவே கேட்டது. காசுக்கு என்ன செய்வது? விவசாயி நெல்லை விற்றே ஆக வேண்டும். அதுவும் விலை இறங்கிக் கிடக்கும் அறுவடை நேரத்தில்!

1999-ல் ஆந்திர அரசு 'ரைத்து பஜார்' தொடங்கியது. அங்கே தரகர் இல்லை. விவசாயியே விற்கலாம். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள்.