அந்தமானில் இயற்பியல் கணக்கு: உதவி எந்த மொழியில்?

புது தில்லி: அந்தமான் தலைநகரிலுள்ள அபர்டீன் பஜாரில் டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. நகரம் இருப்பது ஏறத்தாழ 92 பாகை 45 நிமிடக் கிழக்குத் தீர்க்கரேகையில். மணிக்கூண்டு காட்டுவதோ 82 பாகை 30 நிமிடத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரத்தை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் பெருக்கினால் வித்தியாசம் 41 நிமிடம்.

பள்ளி மாணவர் எவரும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. தனியே உட்கார்ந்து போட முடியாத கணக்குகள் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் தொடங்குகின்றன. சாய்தளத்தில் சறுக்கும் கட்டை, கப்பியில் தொங்கும் எடைகள், மேல்நோக்கி எறியப்பட்ட பந்து என வீட்டுப்பாட ஏடு நிறையும்போது, ஐயத்தை யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்ற இரு கேள்விகளும் அந்தமான் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் முன் நிற்கின்றன.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறினாலும் பஜாரின் பேச்சு மாறவில்லை. வங்கமும் தமிழும் தெலுங்கும் அவரவர் வீட்டில். பொதுமொழியாக அந்தமானுக்கே உரிய ஓர் இந்தி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வசிப்போரில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகளும் நடத்தப்பட்டு வந்துள்ளன. ஆனால் பாடத்திட்டம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துடையது (சி.பி.எஸ்.இ.). பாடநூல் தில்லியிலிருந்து வருவது. சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசம் என்பதால் பள்ளிக்கூட விவகாரமும் கடைசியில் தில்லியில்தான் வந்து நிற்கிறது. அதை இங்கே எழுப்ப மக்களவையில் இத்தீவுகளுக்கு இருப்பது ஒரே ஓர் உறுப்பினர்.

சொல்லுக்குள் ஒளிந்த சமன்பாடு:

இயற்பியல் கணக்கு என்றால் சூத்திரத்தில் எண்களை இட்டு நிரப்புவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, கேள்வியைப் படிக்கும் இடத்தில்தான். ஆங்கிலப் புத்தகத்தில் தளம் "ஸ்மூத்" என்றிருந்தால் உராய்வு பூஜ்ஜியம் என்று பொருள். கயிறு "லைட்" என்றிருந்தால் அதன் நிறையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பொருள். அகராதியைப் புரட்டும் மாணவருக்கோ "லைட்" என்பதற்கு முதலில் கிடைப்பது வெளிச்சம்! கயிற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்ன தொடர்பு என்று அவர் எவ்வளவு நேரம் யோசித்தாலும் விடை வராது. பக்கத்தில் ஒருவர் இருந்து ஒரே ஒரு முறை சொன்னால் போதும். வாழ்நாள் முழுவதும் மறக்காது.

தமிழ்வழி நூல்கள் "உராய்வற்ற தளம்", "நிறையற்ற கயிறு" என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றன. இலங்கையில் தமிழ் மாணவர்கள் உயர்தர வகுப்பு இயற்பியலைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே தேர்வெழுதுகிறார்கள். நாம் முடுக்கம் என்பதை அவர்கள் ஆர்முடுகல் என்கிறார்கள். அந்தமானில் வளரும் பிள்ளைக்கோ அதே கருத்து புத்தகத்தில் ஆங்கிலமாகவும், நண்பர்களிடையே இந்தியாகவும், வீட்டில் பெயரே இல்லாததாகவும் இருக்க நேரிடுகிறது.

காலடியில் ஒரு கணக்கு:

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி, சென்னையையும் அந்தமான்-நிகோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிளைத் தொடங்கி வைத்தார். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ ரூ. 1,224 கோடி. அதற்கு முன்பு தீவுகளின் இணையத் தொடர்பு முக்கியமாகச் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது.

இதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் என்ன? கேபிளின் முழு நீளத்தையும் ஒளி கடக்க எவ்வளவு நேரமாகும்? செயற்கைக்கோள் வழியே சென்றால் எவ்வளவு நேரம்?

முதல் பகுதியில், ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று மனப்பாடமாக எழுதும் மாணவர் தவறிவிடுவார். அது வெற்றிடத்தில். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, எனவே உள்ளே வேகம் 2 லட்சம் கிலோமீட்டர்தான். விடை 0.0115 விநாடி. இரண்டாம் பகுதியில் தவறு வேறுவிதமானது. செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் 0.12 விநாடி என்று பலரும் எழுதக்கூடும். "ஏறிய சிக்னல் இறங்க வேண்டாமா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் போதும், 0.24 விநாடி என்று மாணவரே திருத்திக்கொள்வார். கேபிளைவிட இருபது மடங்குக்கும் மேல். பழைய நாள்களில் தொலைபேசியில் பேசும்போது மறுமுனையின் பதில் ஏன் தயங்கி வந்தது என்பதும் அப்போது விளங்கும்.

கவனிக்க வேண்டியது, உதவியவர் விடையைச் சொல்லவில்லை என்பது. ஒரு கேள்வி மட்டுமே கேட்டார்.

விடையை அப்படியே வாங்கி எழுதுவதன் விளைவு என்ன என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கு முதலாண்டு இயற்பியல் மாணவர்களின் வீட்டுப்பாடத்தைக் கணினி வழியே கண்காணித்து, 2010-இல் டேவிட் பிரிட்சர்ட் குழுவினர் கட்டுரை வெளியிட்டனர். வீட்டுப்பாடத்தில் 30 சதவீதத்துக்கு மேல் நகலெடுத்தவர்கள் தோல்வியடையும் விகிதம் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்பது அதில் தெரிய வந்தது. உலகின் தலைசிறந்த மாணவர்கள் சேரும் நிறுவனத்திலேயே இந்த நிலை.

மறுபுறம், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் வகுப்பில் கேள்வியைக் கொடுத்து, மாணவர்களையே பக்கத்தில் இருப்பவருடன் வாதிடச் செய்தார். பேராசிரியர் விளக்கிப் புரியாதது, சற்று முன்புதான் புரிந்துகொண்ட சக மாணவர் விளக்கும்போது புரிந்தது. தான் எங்கே தடுமாறினோம் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது என்பதே மசூர் கூறும் காரணம். வாதிட வேண்டுமானால் இருவருக்கும் தயக்கமின்றி வாயில் வரும் மொழி வேண்டும். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் விடையை வாங்கிக்கொள்ளலாம், "ஏன்?" என்று மறித்துக் கேட்பது கடினம்.

தேர்வுக்குத் தமிழ் உண்டு:

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை 2017 முதலும், பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை 2021 முதலும் தமிழில் எழுத முடிகிறது. ஆனால் அத்தேர்வுகளுக்கு அடிப்படையான தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் (என்.சி.இ.ஆர்.டி.) நூல்கள் நெடுங்காலமாக இந்தி, ஆங்கிலம், உருது மொழிகளிலேயே வெளிவந்தன. கேள்வித்தாளைத் தமிழில் அச்சடித்துவிட்டுப் பாடநூலை வேறு மொழியில் படிக்கச் சொன்ன விநோதம் இது. 2023 ஜூலையில் சி.பி.எஸ்.இ., எட்டாவது அட்டவணை மொழிகளைப் பயிற்று மொழியாகக் கொள்ளப் பள்ளிகளுக்கு அனுமதி அளித்தது. 22 மொழிகளிலும் பாடநூல்கள் தயாரிக்கப்படும் என்று மத்திய கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் அறிவித்தார். அந்த வரிசையில் மேல்நிலை அறிவியல் நூல்களுக்கு எந்த இடம் தரப்படுகிறது என்பதைத்தான் தீவுத் தமிழர்களும், அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் தமிழக எம்.பி.க்களும் துருவிக் கேட்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தமிழக அரசு 2018-இல் வெளியிட்ட புதிய பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூல் தமிழில் இருக்கிறது. இயக்கவியல் பகுதிகள் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடத்துடன் ஒத்துப்போகின்றன. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் அந்த நூல், 2,300 கிலோமீட்டர் கேபிள் வழியே அபர்டீன் பஜாருக்கும் வந்து சேரும்.