வெயில் இருக்கிறது, வைட்டமின் டி எங்கே?

மாணவர்களே, தெலுக் பங்லிமா காராங்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே உள்ள ஊர் இது. அப்படியிருந்தும், கோலாலம்பூர், சிலாங்கூர், பேராக் பள்ளிகளில் 13 வயது மாணவர்கள் 1,361 பேரை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, 10 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. இந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இந்திய மாணவர்களில் 88.6 விழுக்காட்டினருக்கும், மாணவிகளில் 92.6 விழுக்காட்டினருக்கும் குறைபாடு!

ஏன் நமக்கு அதிகம்? தோலின் கருமைக்குக் காரணம் மெலனின் எனும் நிறமி. அது மரபணு தந்த குடை. சூரியனின் புற ஊதா-பி கதிரை அது தடுத்துவிடுவதால், அதே அளவு வைட்டமின் டி உருவாக நம் தோலுக்கு அதிக நேரம் வெயில் தேவை. வீட்டிலோ, "வெயிலில் போகாதே, கறுத்துப்போவாய்" என்கிறார்கள். அதிலும் பெண் பிள்ளைகளிடம்தான் அதிகம்!

வைட்டமின் டி குறைந்தால், சாப்பிட்ட சுண்ணாம்புச்சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. ஆனால், இதயமும் தசைகளும் இயங்க இரத்தத்தில் அந்தச் சத்து இருந்தே ஆக வேண்டும். உடல் என்ன செய்யும்? ஊழியர் சேமநிதியிலிருந்து முன்கூட்டியே பணம் எடுப்பதுபோல, எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எலும்பின் அடர்த்தியில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 60 முதல் 80 விழுக்காடு மரபணுவால் வருவது. பாட்டிக்கோ அம்மாவுக்கோ எலும்புப்புரை நோய் இருந்தால், உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். மரபணுவை மாற்ற முடியாது. ஆனால், எலும்புச் சேமிப்பில் சுமார் 90 விழுக்காடு 20 வயதுக்குள் முடிந்துவிடுவதால், மிச்சப் பங்குக்கு இதுதான் காலம்.

10 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்கிறது மலேசியப் பரிந்துரை. ஒரு குவளைப் பாலில் சுமார் 300 கிடைக்கும். தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலை நம்பாதீர்கள். அதில் சீனிதான் அதிகம். நெத்திலியை முள்ளோடு தின்பதால் அது நல்ல வரவு. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் அப்படித்தான். பசலைக்கீரையில் சத்து இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். வைட்டமின் டி உள்ள உணவுகள் குறைவு: கெம்போங் போன்ற கொழுப்பு மீன், முட்டை மஞ்சள்கரு, வைட்டமின் சேர்த்த பால்.

மீதி வெயிலில்தான். காலை 7.30 சபைக்கூடல் வெயில் உதவாது. அப்போதுதான் சூரியன் எழுந்திருக்கும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகும்போதுதான் புற ஊதா-பி போதிய அளவு தரைக்கு வரும். நம் ஊரில் அது ஏறத்தாழ காலை 10.15க்குப் பிறகு. தோல் சிவந்து எரியும்வரை நிற்க வேண்டியதில்லை. உங்கள் கால அட்டவணையில் உடற்கல்வி எத்தனை மணிக்கு?