புற்றுநோய்ச் சிகிச்சையும் குடும்பப் பொருளாதாரச் சுமையும்

முன்னுரை

புற்றுநோய்க்கான செலவு ஒருமுறையோடு முடிவதன்று. பரிசோதனை, அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு என அது மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீள்கிறது. மருந்தின் பக்கவிளைவுகளைப் போலவே செலவுச் சுமையும் நோயாளியின் நலனைக் கெடுப்பதால், மருத்துவ ஆய்வாளர்கள் இதனை ‘நிதி நச்சுத்தன்மை’ என்று குறிப்பிடுகின்றனர். தமிழகச் சூழலில் இச்சுமை எவ்வாறு உருவாகிறது, அரசின் காப்பீடு அதில் எப்பகுதியைத் தாங்குகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

செலவின் வகைகள்

இச்செலவை நேரடி மருத்துவச் செலவு, மருத்துவம் சாராச் செலவு, வருமான இழப்பு என மூன்றாகப் பகுக்கலாம். கதிர்வீச்சுச் சிகிச்சையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பல நோயாளிகளுக்கு அது வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து, ஆறு வாரங்கள் அளிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே ஆகும். உள்நோயாளியாகத் தங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆனால் தொலைவிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ வரும் நோயாளி அவ்வாரங்கள் முழுவதும் அங்கேயே தங்கியாக வேண்டும். துணைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும். இருவரும் நாட்கூலி பெறுவோராயின், சிகிச்சை இலவசமாகக் கிடைப்பினும் வீட்டின் வருவாய் நின்றுவிடுகிறது. நகை அடகும் வட்டிக் கடனும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

மருந்து விலை

விலையை அரசு நெறிப்படுத்த இயலும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்துக்கு 2012 மார்ச்சில் இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. இதனால் மாதத்திற்கு ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாயாக இருந்த அம்மருந்தின் விலை, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் 8,880 ரூபாயாகக் குறைந்தது. 2019இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்திற்கு 30 விழுக்காடு என வரம்பு விதித்தது.

காப்பீட்டின் எல்லை

2012 முதல் செயற்படும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுடைய குடும்பத்திற்கு இன்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைப் பாதுகாப்பு அளிக்கிறது. மேற்கூறிய மூவகையுள் முதல் வகைக்கு இது பெருந்துணையாகும். எனினும் நோயாளியின் கூலி இழப்போ துணைக்கு வருபவரின் அறை வாடகையோ காப்பீட்டுக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

அளவீட்டின் குறை

உணவு முதலிய அடிப்படைத் தேவைகள் போக எஞ்சும் செலவுத்திறனில் 40 விழுக்காட்டை மருத்துவச் செலவு எட்டினால், அதனைப் ‘பேரிடர்ச் செலவு’ எனக் கருதுவது ஆய்வுலகில் வழக்கமான அளவுகோல்களுள் ஒன்று. இவ்வளவுகோல் செலவிட்டவர்களையே கணக்கிடுகிறது. பணமின்றிச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திய குடும்பம் குறைவாகவே செலவிட்டிருப்பதால், புள்ளிவிவரத்தில் அது பாதிப்பற்ற குடும்பமாகத் தோன்றும். மிகுதியாக இழந்தவரே கணக்கிலிருந்து மறைவது இதன் பெருங்குறையாகும்.

முடிவுரை

எனவே செலவுத் தொகையோடு சிகிச்சை இடைநிற்றல், கடன், விற்கப்பட்ட உடைமை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றையும் களஆய்வுகள் பதிவு செய்தல் வேண்டும். கதிர்வீச்சு வசதி மாவட்டந்தோறும் பரவுதல், மருத்துவமனைக்கு அருகில் தங்குமிடம் அமைதல், நோயறியும் நாளிலேயே செலவு குறித்த ஆலோசனை வழங்குதல் ஆகியன காப்பீடு தொடாத பகுதியைக் குறைக்கும் வழிகளாகும்.